எண்பத்தைந்து மில்லிமீட்டர்

சாமின்-ஊத் எல்லை யார்டில்
ஏழாம் எண் கிரேன் என்னுடையது.
கீழே பக்கம் பக்கமாக இரண்டு தடங்கள்.
அகலமானது வடக்கின் அளவு,
ஒடுங்கியது தெற்கின் அளவு.
வித்தியாசம் எண்பத்தைந்து மில்லிமீட்டர்.
ஒருமுறை கையுறையைக் கழற்றி வைத்துப் பார்த்தேன்,
உறைந்த இரும்பு தோலைப் பிடுங்கும் என்று தெரிந்தும்:
நாலு விரலும் ஒரு நகக்கண்ணும்.

அந்த இடைவெளியில்தான் என் சம்பளம் இருக்கிறது.
அது மூடிக்கொண்டால் ஆடு மேய்க்கப் போகலாம்.
ஆடுகள் போன பனியில் செத்துவிட்டன.

இரண்டு பெரியவர்களும் முறைத்துக்கொண்ட வருஷங்களில்
வடக்கின் டாங்கிகள் வந்து
எங்கள் வீட்டுக்குப் பின்னால் நின்றனவாம்,
குழல்கள் தெற்கே பார்த்து.
நம்மைக் காக்க, என்றது வானொலி.
குழலுக்கு முன்னால் எங்கள் புகைபோக்கி.
பிறகு அவர்கள் சமாதானமானார்கள்.
டாங்கிகள் இதே யார்டில் ரயிலேறின.
ஊரே கை தட்டியது,
குலுக்கிய இரண்டு கைகளுக்கு நடுவே
என்ன இருக்கிறது என்று யோசிக்காமல்.

சுரங்கத்துக்குப் புதுத் தடம் போடப்
பாராளுமன்றம் பல வருஷம் வாதாடியது.
அகலம் என்றவன் வடக்கின் ஆள்.
ஒடுக்கம் என்றவன் தெற்கின் கூலி.
ஒட்டகம் போதும் என்ற ஒருவனை மட்டும்
யாரும் சந்தேகிக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் உலான்பாட்டருக்கு ஒரு விருந்தாளி வந்தார்.
பெயர் சொன்னால் யாருக்காவது கோபம் வரும்.
மறுநாள் தெற்கு வாசலில் கணினிப் பழுது.
பதினொரு நாள் பழுது.
லாரிகள் அடிவானம் வரை நின்றன.
புரெவ்ஜாவ் ஸ்டியரிங் மேல் தலை வைத்துத் தூங்கி
நெற்றியில் வளையத்தோடு எழுந்தான்.
மந்திரி எங்கோ ஒரு வாக்கியத்தைத் திருத்தினார்.
கணினி குணமானது.

அதே மாதம் வடக்கிலிருந்து டீசல் வரவில்லை.
பராமரிப்புப் பணி என்றார்கள்.
வேறொரு கண்டத்தில், வேறொரு தீர்மானத்துக்கு
நாங்கள் கை தூக்கவில்லை, மறுக்கவுமில்லை.
மேசைமேல் வைத்திருந்தோம்.
அதையும் எண்ணியிருக்கிறார்கள்.

இதனால்தான் தூரத்து நாடுகளை
மூன்றாவது அண்டைவீட்டார் என்கிறோம்.
பொதுச்சுவர் இல்லை, வேலித் தகராறு இல்லை.
தீப்பிடித்தால் வாளியோடு ஓடிவரவும் முடியாது.
கடிதம் மட்டும் அருமையாக எழுதுவார்கள்.

போன வாரம் வந்தார்கள்,
ஸ்டிக்கர் கிழியாத தலைக்கவசங்களோடு.
நல்ல மனிதர்கள்தான்.
ஒருத்தி பாதி ஏணி ஏறி, மூச்சு வாங்கி,
மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டாள்:
நீங்கள் எந்தப் பக்கம்?
லீவரையா கேட்கிறார், என்றேன்,
வலது கையில் தூக்குவேன், இடது கையில் நகர்த்துவேன்.
மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை விழுங்கி
என்ன சொன்னாரோ,
எனக்கு ஒரு பேனா கிடைத்தது.
கோபிக் குளிரில் அது எழுதவில்லை.

இரவு ஷிப்ட்.
ஒடுங்கிய தடத்திலிருந்து ஒரு பெட்டி எழும்புகிறது.
இருபத்தாறு டன். குளியலறை ஓடுகள்.
அங்கே விட்டாயிற்று, இங்கே தொடவில்லை.
நாற்பது நொடி.
இந்த நேரத்தில் இது யாருடையது என்று
சுங்கத்தில் கேட்டிருக்கிறேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையாம்.

காற்று வந்தால் பெட்டி ஆடும்.
இழுத்து நிறுத்தப் பார்க்கக் கூடாது, கயிறு அறும்.
அது போகும் பக்கம் நானும் கொஞ்சம் போவேன்,
திரும்புகையில் கொஞ்சம் திரும்புவேன்.
வேடிக்கை பார்ப்பவர்களுக்கு
நான் தடுமாறுவதாகத் தோன்றும்.

இன்று சும்மா பிடித்து வைத்திருந்தேன்.
கீழே இரண்டு பக்கமும் டார்ச் ஆட்டுகிறார்கள், விசில் ஊதுகிறார்கள்.
பெட்டிக்கு அடியில்
நட்சத்திரங்கள் கொஞ்சம் தெரிந்தன.

ஐம்பத்தொரு நொடி.
பிறகு இறக்கினேன், ஓடு உடையாமல்.

செவெல்மா, அடுத்தது, என்றது வயர்லெஸ்.
எந்த மொழியில் என்று கவனிக்கவில்லை.